பாட்டுப்பெட்டிக்கு மூணு ஓட்டு

சுந்தரி: …இல்ல சூசை, நீ நூறு தடவ கேட்டாலும் என் பதில் வேணாம்தான்.

சூசை: நூத்தி ஒண்ணாவது தடவ மாறும்ல? கோப்பி குடி, ஆறிப்போச்சு. தேக்கா மார்க்கெட்ல இருந்து நானே தூக்கிட்டு வந்தேன்.

சுந்தரி: லஞ்சமா?

சூசை: பால் இல்லாத வெறும் கோப்பி லா. லஞ்சம்னா பால் ஊத்தி வாங்கியிருப்பேன்.

சுந்தரி: நாம யாரு? சிங்கப்பூர் ஜாலான் புசார்ல ஆணி விக்கிற கடைக்கு மேல உக்காந்து, கடைக்காரங்களுக்குச் சரக்குக் கணக்கு ப்ரோக்ராம் எழுதறவங்க. பாட்டுப்பெட்டிக்கும் நமக்கும் என்ன சம்பந்தம்?

சூசை: பெட்டி பெட்டின்னு சொல்லாத. பாக்கெட்ல போட்டுக்கிட்டு, காதுல மாட்டிக்கிட்டு, பஸ்ல போய்க்கிட்டே…

சுந்தரி: …கேட்கலாம். தெரியும். ஜப்பான்காரன் அஞ்சாறு வருஷமா விக்கிறான். ஆர்ச்சர்ட் ரோட்ல எம்ஆர்டி ரயிலுக்குப் பள்ளம் தோண்டற சத்தத்துலயும் பசங்க காதுல அதான் தொங்குது.

சூசை: அவன் பெட்டியில மூளை இல்ல. நம்மளோடதுல இருக்கு, நீ எழுதின மூளை! பாட்டுக்கு நடுவுல டேப் சும்மா ஓடற இடத்த அதுவே தாண்டிப் போகுதே, அவன்கிட்ட இருக்கா?

சுந்தரி: அடுத்த மாசம் அவனும் வைப்பான். அப்ப என்ன செய்வ?

சூசை: அடுத்த மாசம் யோசிப்பேன். ஜூரோங் பேக்டரிக்காரர் செஞ்சு தர்றேங்கறாரு. சாயங்காலத்துக்குள்ள பதில் சொல்லணும் அவருக்கு.

சுந்தரி: வேணாம்னு சொல்லு. அதுவும் பதில்தான்.

சூசை: நம்ம ப்ரோக்ராம் வாங்க வர்றவங்க என்ன பண்றாங்க, நீயே பார்க்கிற. கம்ப்யூட்டரத் தட்டிப் பார்க்கறாங்க, தூக்கிப் பார்க்கறாங்க. ப்ரோக்ராம்னு ஆரம்பிச்சா, “அது கூடவே சும்மா வர்றதுதான தம்பி”ங்கறாங்க. மளிகைக்கடை பூவம்மா என்ன கேட்டாங்க?

சுந்தரி: காய்கறிக்கு நான் கறிவேப்பிலை சும்மா போடறதில்லையான்னாங்க.

சூசை: ஒன்றரை வருஷம் உக்காந்து எழுதின ப்ரோக்ராம், கறிவேப்பிலை! உனக்கு ரோஷம் வரல?

சுந்தரி: வருது. அதனாலதான் மல்லுக்கட்டறேன். நம்ம பங்காளி ஜமால் பாய் போடற பணம் பெட்டிக்குப் போனா, என் ப்ரோக்ராம் அலமாரிக்குத்தான் போகும்.

சூசை: அலமாரின்னு யாரு சொன்னா?

சுந்தரி: நீதான். “கொஞ்ச நாள் ஓரமா வைப்போம்”ன. ஓரம்னா அலமாரிதான் சூசை. நான் பெத்த பிள்ளை மாதிரி அது.

சூசை: சரி, சரி… கோப்பி குடி.

சுந்தரி: என்ன, திடீர்னு பேச்ச மாத்தற?

சூசை: கோப்பி நாக்கச் சுட்டுடுச்சு.

சுந்தரி: இப்பதான ஆறிப்போச்சுன்ன?

சூசை: என்னோடது சுடுது. நீ விஷயத்துக்கு வா.

சுந்தரி: வர்றேன். ப்ரோக்ராம்ல தப்புன்னா, டிஸ்க்க எடுத்துக்கிட்டு சிராங்கூன் ரோடு வரைக்கும் நடந்துபோய் சரிபண்ணிட்டு வந்துடுவேன். வித்த பெட்டியில தப்புன்னா? வீடு வீடா ஏறி இறங்குவியா?

சூசை: நம்ம பெட்டியில என்ன தப்பு வரும்?

சுந்தரி: உங்க அம்மா ஜெபமாலை?

சூசை: ஐயோ, அத ஏன் இழுக்கிற!

சுந்தரி: சொல்லு சொல்லு. இன்னொரு தடவ கேட்கணும்.

சூசை: செஞ்சு பார்த்த முதல் பெட்டியில அம்மாவோட ஜெபமாலை டேப்பப் போட்டேன். அதுல பாதர் பாதி ஜெபம் சொல்வாரு. மீதிப் பாதிய வீட்ல இருக்கறவங்க சொல்றதுக்கு இடம் விட்டிருப்பாங்க. அங்க சத்தமே இருக்காதா…

சுந்தரி: சத்தம் இல்லன்னா அங்க ஒண்ணுமே இல்லன்னு நம்ம பெட்டி…

சூசை: ஒரே தாவு! அம்மா வாயத் தொறக்கறதுக்குள்ள அடுத்த ஜெபம். எங்கம்மா பிலோமினம்மாள் விடுவாங்களா? மூச்சு வாங்க மணிய உருட்டிக்கிட்டு அது பின்னாடியே ஓடறாங்க. “டேய், மாதாவ எங்கயாவது அவசரமா பஸ் ஏத்தி விடப் போறீங்களாடா”ன்னு என்னைத் திட்டறாங்க.

சுந்தரி: ஹா… ஐயோ… வயிறு வலிக்குது.

சூசை: சிரி, சிரி. எழுதினவ நீதான்.

சுந்தரி: மாரியம்மன் கோயிலுக்குப் போறவளுக்கு எப்படித் தெரியும், பாதர் பாதியில நிறுத்துவாருன்னு? தினம் சாயங்காலம் ஜெபமாலை சொல்ற வீட்டுக்காரன் நீ. நீதான சொல்லியிருக்கணும்?

சூசை: நான் எங்க ஜெபமாலை சொன்னேன்? அந்த நேரத்துல இங்கதான உக்காந்திருக்கேன்.

சுந்தரி: சரி, நிஜத்தச் சொல்லு. இந்தப் பெட்டி மேல உனக்கு ஏன் இவ்வளவு ஆசை?

சூசை: சிரிக்கக்கூடாது.

சுந்தரி: பார்க்கறேன்.

சூசை: மாதா கோயில்ல எல்லாரும் அம்மாகிட்ட கேட்கறாங்க, உங்க மகன் என்ன வேலை செய்யறான்னு. அல்போன்சம்மாள் மகன் ஷிப்யார்ட். கப்பலக் கைகாட்டிச் சொல்லிடறாங்க. எங்கம்மா என்னத்தக் காட்டுவாங்க? “அவன் டிவி மாதிரி ஒண்ணு முன்னாடி உக்காந்திருப்பான்”ங்கறாங்க. ஒழுங்கா ஓடற பெட்டி ஒண்ண, இதாம்மா நான் செஞ்சதுன்னு அவங்க கையில ஒரு தடவையாவது குடுக்கணும் சுந்தரி. வேற ஒண்ணும் இல்ல.

சுந்தரி: உன் கோப்பியையும் குடு, ஒரு வாய் குடிச்சுக்கறேன்.

சூசை: என்ன, சிரிக்கலையா?

சுந்தரி: சிரிச்சா கோப்பி சிந்தும். அந்தா, படியில மூச்சு வாங்கற சத்தம். பாய் வந்துட்டாரு.

சூசை: நான் வேணும்கறேன், நீ வேணாம்கற. மூணாவது பங்காளி அவரு. அவரு ஓட்டு எந்தப் பக்கமோ அதான் முடிவு.

சுந்தரி: யாரும் மூஞ்சியத் தூக்கி வச்சுக்கக்கூடாது.

சூசை: நான் ஏன் தூக்கறேன்? வாங்க ஜமால் பாய்!

ஜமால்: அப்பாடி… லிப்ட் இருக்கற இடமாப் பார்த்து கம்பெனி நடத்தக்கூடாதா தம்பி? துணிக்கடையில உக்காந்தே பழகின முட்டி இது.

சூசை: உக்காருங்க. முடிவச் சொல்லுங்க. எதுவா இருந்தாலும் எனக்குச் சம்மதம்.

சுந்தரி: எனக்கும்.

ஜமால்: நல்லா யோசிச்சுட்டேன். பாட்டுப்பெட்டி வேணாம். ப்ரோக்ராமே எழுதுங்க.

சூசை: சரி பாய்! உங்க வார்த்தைக்கு மறுவார்த்தை உண்டா?

சுந்தரி: பாய்! காலையில போன்ல சரின்னுதான சொல்றேன்னீங்க!

சூசை: போன்லயா? எந்தப் போன்ல?

சுந்தரி: அது… வந்து…

ஜமால்: போச்சுடா. நான் என்ன செய்யறது? கடை திறக்கறதுக்குள்ள இந்தப் பொண்ணு கூப்பிடுது. “சூசை ரொம்ப ஆசைப்படறான், நீங்களே சரின்னுடுங்க, நான் கேட்டேன்னு சொல்லாதீங்க.” போன வச்சேன், உடனே நீ. “சுந்தரி ப்ரோக்ராம அலமாரியில வைக்க மனசு வரல பாய், நீங்களே வேணாம்னுடுங்க, நான் கேட்டேன்னு சொல்லாதீங்க.” கடைசியாக் கூப்பிட்டது நீ. அதனால வேணாம்னேன்.

சுந்தரி: அடப்பாவி! அப்புறம் எதுக்குடா இவ்வளவு நேரம் என் உயிர எடுத்த?

சூசை: சட்டுன்னு விட்டுக்குடுத்தா வருஷம் பூரா சொல்லிக் காட்டுவ லா. நீ எதுக்கு எடுத்த?

சுந்தரி: அதுக்குத்தான்.

ஜமால்: இப்ப என் ஓட்டு எந்தப் பக்கம்? ஒரே பக்கமாச் சொல்லுங்க, எனக்குக் கடை இருக்கு.

சூசை: வேணாம் பக்கம்தான் பாய், அதுல மாத்தமே இல்ல. அம்மாவ நான் எப்படியாவது சமாளிச்சுக்கறேன்.

சுந்தரி: இனிமே முடியாது சூசை. ஆள் பதில் சொல்லி முடிக்கற வரைக்கும் டேப் காத்திருக்கற மாதிரி மாத்தி எழுதி, அதே பெட்டிய நேத்துதான் உங்க அம்மா கையில கொண்டுபோய்க் குடுத்தேன். உன்கிட்ட மூச்சு விடக்கூடாதுன்னு மட்டும்தான் சத்தியம் வாங்கினேன். அவங்க நேரா சாயங்காலப் பூசைக்குப் போய், அல்போன்சம்மாள்ல ஆரம்பிச்சு பாதர் வரைக்கும் ஒருத்தர் விடாமக் காட்டி, “இது என் மகன் செஞ்சது”ன்னு சொல்லிட்டாங்க. வேணாம்னா, வர்ற ஞாயித்துக்கிழமை கோயில் வாசல்ல நின்னு, பெட்டி வராதுன்னு நீயே சொல்லிக்க.