மண்டி போடுறதுக்கு முன்னாடி

இறுக்காதம்மா, இறுக்காத. இடுப்புல பட்டை கட்டுறியா, சைக்கிள் பின்னாடி வாழைத்தார் கட்டுறியா? தளர்த்தினா இந்தக் கோமேசி அங்கி நழுவிரும்னு உன் கண்ணு சொல்லுது. நழுவட்டும். இந்த வயசுல நழுவினா எவன் பாக்கப் போறான்... இல்ல, இன்னிக்குப் பாப்பாங்க. இன்னிக்கு ரெண்டு வீட்டு ஆளும் என்னைத்தான் பாப்பாங்க. சரி, கட்டு. பாத்துக் கட்டு.

வாயில இத்தனை குண்டூசியைக் கடிச்சுக்கிட்டு எப்பிடித்தான் மூச்சு விடுறியோ. எனக்கு வாய் காலியா இருக்கும்போதே மூச்சு நின்னு போகுது. நெசமாத்தான். தூங்கும்போது நின்னுரும். அப்புறம் அதுக்கா ஞாபகம் வந்து திரும்பி வரும். நீ பதில் சொல்ல வேண்டாம். ஊசி தொண்டைக்குள்ள போயிரும். எனக்கு இன்னிக்குப் பதில் வேண்டியதில்ல, ஒரு காது இருந்தாப் போதும். அதுவும் இந்த ஊர்க் காதா இல்லாம இருந்தா ரொம்ப நல்லது. நீ மசாக்காவுல இருந்து துணி கட்டிவிட வந்தவ, சாயங்காலம் போயிருவ. உங்கிட்டச் சொன்னா காத்துல சொன்ன மாதிரி.

ஆத்தாடி... அந்தத் தோள். தொட்டதுக்கே இப்பிடியான்னு பாக்காத. நீ வச்சது விரலு. எனக்கு உலக்கையை வச்ச மாதிரி இருக்கு. கோமேசிக்குத் தோள் கூர்மையா நிக்கணும், சரிதான், அதுக்கு என் தோளையே கூர் சீவணுமா?

நீ வெளிய பாத்தியா? இந்தப் பக்கம் நம்ம கூடாரம், அந்தப் பக்கம் மாப்பிள்ளை வீட்டாருக்குக் கூடாரம், நடுவுல பாய். என் தம்பி மக நக்கிரிஜ்ஜாவுக்குக் குவாஞ்சுலா. பொண்ணு, நான்தான் இன்னாரைக் கட்டிக்கப் போறேன்னு ரெண்டு வீட்டுக்கும் முன்னால சொல்ற நாளு. அதுக்கு முந்தி அத்தை போகணும். போயி அந்தப் பாயில ரெண்டு முட்டியும் பதிய மண்டி போட்டு, வழி நல்லா இருந்துச்சா, வீட்டுல மாடு கன்னு சௌக்கியமா, மழை உண்டான்னு ஒவ்வொண்ணா விசாரிச்சு, எந்திரிச்சு, எதிர்ப்பக்கம் நடந்து போயி, மாப்பிள்ளையைக் கண்டுபிடிச்சு கோட்டுல பூவைக் குத்தணும். அத்தனை பேரும் ஒரே மாதிரி கணுக்கால் வரைக்கும் வெள்ளைக் கன்சுவும் கறுப்புக் கோட்டும். பெத்தவளுக்கே இல்லாத உரிமை அது, அத்தைக்கு மட்டும்தான்.

மண்டி போடுறதுல ஒண்ணும் இல்ல. விழுறதுக்கு யாரும் பழகணுமா என்ன. எந்திரிக்கிறதுதான். போன வாரம் வீட்டுல கதவைச் சாத்திக்கிட்டு ஒத்திகை பாத்தேன். இறங்கிட்டேன். அழகா இறங்கினேன். அப்புறம் அங்கேயே இருந்தேன். என் வீட்டுக்காரர் யோனா வந்து பாத்துட்டு, ஜெபம் பண்றேன்னு நெனச்சு, சத்தம் போடாம கதவைச் சாத்திட்டுப் போயிட்டாரு. நல்ல மனுஷன். கூப்பிட்டுச் சொல்லவும் வெக்கம். கட்டில் காலைப் பிடிச்சு, நாற்காலியைப் பிடிச்சு... விடு. அங்க பாயில கட்டில் காலுக்கு நான் எங்க போவேன்?

இந்த வலிக்கு ஒரு பேரு உண்டு. ஃபைப்ரோமயால்ஜியா. என்ன பாக்குற, சரியாத்தான் சொல்றேன். பழகப் பழக வந்துருச்சு. ஆனா யாருகிட்டயும் சொல்றதில்ல, அப்புறம் எதுக்குப் பழகினேன்னு எனக்கே தெரியல. ரத்தம் பாத்தாங்க, நல்லா இருக்குன்னாங்க. படம் பிடிச்சாங்க, எலும்பு நல்லா இருக்குன்னாங்க. எல்லாம் நல்லா இருக்கு, நான்தான் நல்லா இல்ல. வீங்கல, சிவக்கல, ஒடியல. காட்டுறதுக்கு ஒண்ணும் இல்லாத வலியை எவன் நம்புவான்? ஒரு கட்டாவது போட்டிருந்தா வாழைப்பழம் வாங்கிட்டு வந்து பாப்பாங்க. ஜெபக் கூட்டத்துல சொன்னேன், போதகர் தலையில கை வச்சு அழுத்து அழுத்துன்னு அழுத்தினாரு. பேயி போச்சோ இல்லையோ, கழுத்து போச்சு. அல்லேலூயான்னு கத்தினேன் பாரு, அது வலியில. அவங்க சாட்சின்னு நெனச்சுக்கிட்டாங்க.

இன்னொண்ணு அந்த மூச்சு நிக்கிறது. ரெண்டும் கூட்டுக் களவாணிங்கம்மா. மூச்சு நின்னு நின்னு தூக்கம் கெடும், தூக்கம் கெட்டா வலி ஏறும், வலி ஏறினா தூக்கம் வராது. ஒருத்தன் கதவைத் திறந்து விடுவான், இன்னொருத்தன் உள்ள வந்து உக்காந்துக்குவான். நான் வீட்டுக்காரி, எனக்கு இடம் இல்ல.

அப்புறம் என்ன ஆகும், பகல்ல தலை தொங்கும். கல்யாண வீட்டுல, சாவு வீட்டுல, வாழைக்காய் உரிக்கும்போது கத்தியோட. தமாலி இருக்காளே, என் தம்பி பொண்டாட்டி, பொண்ணைப் பெத்தவ, அவ என்ன சொன்னா தெரியுமா? "மதினி ஒளிச்சு வச்சு வாழைப்பழச் சாராயம் அடிக்கிறாங்க போல." சிரிச்சுக்கிட்டேதான் சொன்னா. அவ எதையும் சிரிச்சுக்கிட்டேதான் சொல்லுவா. பல்லு நல்லா இருக்கு, அதுதான்.

இந்த மூச்சு சமாச்சாரத்தைக் கண்டுபிடிச்சது எந்த டாக்டரும் இல்ல. இன்னிக்கு மாப்பிள்ளையா வர்றானே செம்பத்யா, அவன். ஏய், ஊசியை முழுங்கிறாத. கேளு.

பொண்ணு வீட்டுக்கு வர்றதுக்கு முந்தி அத்தை வீட்டுக்குத்தானே வரணும்? அத்தை பாத்துச் சரின்னாத்தான அப்பன் காதுக்குப் போகும்? வந்தான். நக்கிரிஜ்ஜா சமையக்கட்டுக்குப் போயிட்டா. நான் பெரிய மனுஷியா உக்காந்து, உன் குலம் என்ன, அப்பன் யாரு, பாட்டன் யாரு, சொல்லுன்னேன். ஆரம்பிச்சான். பாட்டன் வரைக்கும் கேட்டேன். பூட்டன் வர்றதுக்குள்ள தூங்கிட்டேன்.

பாவம், அவனுக்கு என்ன தெரியும்? அத்தை சோதிக்கிறான்னு நெனச்சு அசையாம உக்காந்திருக்கான். குறட்டை விட்டேனாம், அதையும் சோதனைன்னு எடுத்துக்கிட்டான். திடீர்னு குறட்டை நின்னுச்சாம். மூச்சும் நின்னுச்சாம். இப்ப வரும், இப்ப வரும்னு பாக்குறான், வரல. எழுப்பணும். ஆனா தொடலாமா? பொண்ணோட அம்மாவை மாப்பிள்ளை தொடக் கூடாது, தொட்டா கை நடுங்குற வியாதி வரும்னு சின்னப் புள்ளைக்கும் தெரியும். அத்தையைத் தொடலாமா கூடாதான்னு அவனுக்கு யாரும் சொல்லித் தரல. பொண்ணைக் கூப்பிட்டுக் கேக்கவும் பயம், அத்தையைக் கொன்னுட்டான்னு பேரு வந்துருமே. கையைத் தட்டியிருக்கான், இருமியிருக்கான், தொண்டையைக் கனைச்சிருக்கான். கடைசியில என்ன பண்ணினான்? எதிர்ல உக்காந்துக்கிட்டே எனக்கு போன் போட்டான்.

மடியில போன் அடிச்சது, திடுக்குன்னு முழிச்சு, யாருன்னு கேட்டேன். "நான்தான் அத்தை, எதிர்ல இருக்கேன்"னான். போன்லதான் சொல்றான். வச்சுட்டு, மறுபடியும் அப்பன் பேருல இருந்து ஆரம்பிச்சான். எங்கயோ பேரு தப்பாச் சொன்னதாலதான் அத்தை கண்ணை மூடிட்டான்னு நெனச்சுக்கிட்டான் பாரு.

போகும்போது வாசல்ல நின்னு மெதுவாச் சொன்னான். "அத்தை, தூங்கும்போது உங்களுக்கு மூச்சு நிக்குது. ஆஸ்பத்திரிக்குப் போங்க." அவ்வளவுதான். இன்னிக்கு வரைக்கும் அவன் வாயில இருந்து ஒரு ஆளுக்குப் போகல, நக்கிரிஜ்ஜாவுக்குக் கூட. நிலம் எவ்வளவுன்னு நான் கேக்கவே இல்ல. இவன்தான் மாப்பிள்ளைன்னு தம்பிகிட்டச் சொல்லிட்டேன்.

கம்பாலாவுல பெரிய டாக்டரம்மா பாத்து, ஒரு மிஷின் வாங்கிக்கச் சொன்னாங்க. மூக்குல மாட்டிக்கிட்டுப் படுக்கணும், குழாய் வழியாக் காத்து வரும். யானைக்குட்டி மாதிரி இருக்கும். யோனா முதல் நாள் பாத்துட்டுத் தலைகாணியை எடுத்துக்கிட்டு எந்திரிச்சாரு, அப்புறம் என்ன நெனச்சாரோ திரும்பிப் படுத்தாரு. இப்ப அவருக்கு வேற கஷ்டம். இத்தனை வருஷமா என் குறட்டையிலயே தூங்கினவரு, இப்ப சத்தம் இல்லாம தூக்கம் வரல. உசிரோட இருக்கியான்னு தொட்டுத் தொட்டுப் பாக்குறாரு. தொட்டா எனக்கு வலிக்குது. என் கதை இப்பிடி. நேத்து கரண்டு வேற இல்ல, மிஷின் சும்மா கிடந்துச்சு. அதுதான் இன்னிக்கு உடம்பெல்லாம் ஆளுங்க ஏறி மிதிச்ச மாதிரி இருக்கு. நடுவுல நான் பேச்சை நிறுத்திட்டா, அந்த ஊசியால ஒரு குத்து குத்து. தூங்கியிருப்பேன்.

சொல்லிர வேண்டியதுதானேன்னு உன் புருவம் கேக்குது. யாருகிட்டச் சொல்ல? மாப்பிள்ளை வீட்டுப் பெரியவங்க காதுல விழுந்தா, பொண்ணு வீட்டுல வியாதி ஓடுதுன்னு பேசுவாங்க. அது ஒரு காரணம்.

...

இன்னொரு காரணமும் இருக்கு. சிரிக்க மாட்டேன்னு சொன்னாத்தான் சொல்லுவேன். தலையாட்டு. ம்.

போன மாசம் இதே வீட்டுல, எல்லாரும் உக்காந்து யார் யாரு என்ன செய்யணும்னு பேசினாங்க. தமாலி சொன்னா: "இப்ப நெறைய வீட்டுல வயசான அத்தைங்களுக்கு நாற்காலி போட்டுர்றாங்க. நாமளும் போட்டுரலாம். உக்காந்தே விசாரிக்கட்டும்." சிரிச்சுக்கிட்டே சொன்னா. என்னைப் பாத்துச் சொன்னா. எனக்கு எங்கிருந்து வந்துச்சோ கோவம், உடம்புல வேற எதுக்கும் தெம்பு இல்ல, அதுக்கு மட்டும் இருந்துச்சு. எந்திரிச்சு நின்னு சொன்னேன்: "எங்க அப்பன் வீட்டுல நாற்காலியில உக்காந்துக்கிட்டு விருந்தாளியை விசாரிக்கிற பழக்கம் கிடையாது. மண்டி போட முடியாதவ பின்கட்டுல போயி வாழைக்காய் உரிக்கட்டும்." ஆம்பிளைங்க எல்லாம் கை தட்டினாங்க. நல்லா இருந்துச்சு. ஒரு நிமிஷம் ரொம்ப நல்லா இருந்துச்சு.

அப்புறம்தான் பாத்தேன், மூலையில எங்க பைசி அக்கா. எனக்கும் மூத்தவ, கம்பு ஊணி நடக்கிறவ. கம்பை எடுத்துக்கிட்டு எந்திரிச்சுப் போயிட்டா. அவளும் இந்தப் பொண்ணுக்கு அத்தைதான். இப்ப எங்க இருக்கா தெரியுமா? பின்கட்டுல. வாழைக்காய் உரிச்சுக்கிட்டு. காலையில அந்தப் பக்கம் போனேன், "உன் பட்டை அழகா இருக்கு எசேசா"ன்னா. கோவமா ஒரு வார்த்தை சொல்லியிருந்தாக் கூட எனக்குக் கொஞ்சம் வலி கொறஞ்சிருக்கும்.

ஆக, சட்டம் போட்டவ நானு. மாட்டினவளும் நானு. இன்னும் கொஞ்ச நேரத்துல கூப்பிடுவாங்க. போயி மண்டி போட்டு எந்திரிக்க முடியாம கிடந்தா மானம் போகும், போகலைன்னா, அத்தை முறை இல்லாட்டியும் அந்தப் பூவைத் தமாலியோட தங்கச்சி குத்துவா. அதான் உங்கிட்ட ஒண்ணு கேக்கலாம்னு... நான் மண்டி போட்டதும், நீ என்னமோ மடிப்பு சரி பண்ற மாதிரி பின்னாடி வந்து, யாருக்கும் தெரியாம ஒரு தூக்குத் தூக்கி விடுவியா? உனக்கு வேணும்னா நான்...

என்ன, பட்டையை விட்டுட்ட? ஏம்மா? பொண்ணே?

எங்க போனா இவ. ஊசி டப்பா மட்டும் கிடக்கு.

...நீ எப்ப வந்த தமாலி?

இல்ல, எவ்வளவு நேரமா நிக்குறன்னு கேக்குறேன். சாராயத்துல இருந்தா? போன் போட்டதுல இருந்தா? எல்லாம் கேட்டியா. சரி. சந்தோஷம். பல்லைக் காட்டு, காட்டுறதுக்கு இதைவிட நல்ல நேரம் கிடைக்காது.

ஏன் காட்ட மாட்டேங்குற?

அழாத. பொண்ணைக் குடுக்கிறவ, பவுடர் கலைஞ்சு நிக்காத. அன்னிக்கு நாற்காலின்னதும் கேலி பண்ணித்தான் சொன்னன்னு நெனச்சேன்... இல்லையா? அதுக்கு முந்தியே நான் சுவத்தைப் பிடிச்சு நடந்ததைப் பாத்துட்டுத்தான் சொன்னியா? அதை வாயைத் திறந்து சொல்றதுக்கென்ன, சிரிச்சுக்கிட்டுச் சொன்னா எனக்கு எப்பிடித் தெரியும். ஆமா ஆமா, நானும் வாயைத் திறக்கல. ரெண்டு பேரும் நல்ல வாய்.

ஒலிபெருக்கியில கூப்பிடுறாங்க பாரு. அத்தையைக் கேக்குறாங்க.

நாற்காலி எடு. அது இல்ல, பிளாஸ்டிக்கு, உக்காந்தா கால் விரியும். சாப்பாட்டு மேசைக்குப் போட்டிருக்கே, கையி வச்சது, அது. ஒண்ணு இல்ல, ரெண்டு எடு. ஒரு ஆளைப் பின்கட்டுக்கு அனுப்பு, பைசி அக்கா கையைக் கழுவிட்டு வரட்டும். எசேசா கூப்பிட்டான்னு சொன்னா வர மாட்டா. எசேசா நாற்காலியில உக்காரப் போறான்னு சொல்லு, பாக்குறதுக்காவது வருவா. நாற்காலியை நீ வாசல் வரைக்கும் தூக்கினாப் போதும், மாமியார்க்காரி நீ, மாப்பிள்ளை கண்ணுல படாத. அங்கிருந்து பொண்ணுங்க தூக்கட்டும். எனக்கு முன்னாடி தூக்கிட்டுப் போகட்டும். அந்தக் கை தட்டின ஆம்பிளைங்க எல்லாம் நல்லாப் பாக்கட்டும். எவனாவது கேட்டா நானே சொல்லிக்கிறேன், பேரோட சொல்றேன், பழகினது வீணாப் போக வேண்டாம்.

அதுக்கு முந்தி இந்த முக்காலியில இருந்து என்னை எந்திரிக்க வையி. கையைக் குடு. தோள்ல வேண்டாம். அங்கயும் வேண்டாம். முழங்கைக்குக் கீழ... இன்னும் கொஞ்சம் கீழ. ம். இங்க. இங்க பிடி.