பல்லேடியத்துக்குள் குடிபுகுந்த ஹைட்ரஜன்

கம்பம்மெட்டு வாசகசாலையின் ஆண்டு விழாவுக்குத் தலைமை தாங்கி, என்னைப் போன்ற கூச்சக்காரனையும் மேடையேற்றிவிட்ட பெரியவர் ஏசுரத்தினம் அவர்களே, மலைப்பனியில் நனைந்து வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் மூத்தோர்களே, உலையை இறக்கிவைத்துவிட்டு இடுப்பில் பிள்ளையோடு வந்திருக்கும் தாய்மார்களே, மலையின் இரு சரிவிலிருந்தும் ஏறிவந்த தோழர்களே, உங்கள் அனைவருக்கும் கல்பாத்தி சாம்பசிவனின் பணிவான வணக்கம்.

கல்லூரியில் பௌதிகம் கற்பித்து ஓய்வுபெற்றவன் நான். ஒரு வாக்கியம் சொல்வதற்குள் ஒன்பது ஐயம் எழும். ஆனால் இன்று சொல்ல வந்த பொருளில் எனக்கு ஐயம் இல்லை.

சக்குபள்ளத்து ஏலக்காய் ஸ்டோரில் காய் உலர்த்தும் சூசையப்பனின் மகள் ஞானஜோதி, பெங்களூரில் ஓர் ஆய்வுக்கூடத்தில் ஆராய்ச்சி மாணவி. விலையுயர்ந்த கம்பியைக் கெடுத்தாள், துரத்திவிட்டார்கள் என்று ஊரில் பேச்சு. இனி அனுப்புவதில்லை என்று தகப்பனார் சொல்லிவிட்டார். திங்கட்கிழமை விடுப்பு முடிகிறது. அவள் போகாவிட்டால் அந்த இடம் வேறொருவருக்கு. ஆகையால் தீர்ப்புக்கு முன் நடந்ததைக் கேளுங்கள். சென்ற மாதம் அங்கேயே போய் விசாரித்து வந்தவன் சொல்கிறேன்.

அது பல்லேடியக் கம்பி. வெள்ளிபோல் வெளுத்த உலோகம். தன் பருமனைப் போலப் பல நூறு மடங்கு ஹைட்ரஜன் வாயுவை விழுங்கும். விழுங்கி எங்கே வைக்கும்? அடுக்கி வைத்த அணுக்களுக்கு இடையே சந்துகள் உண்டு. இணையிணையாக வரும் ஹைட்ரஜன் அணுக்கள் உலோகத்தைத் தொட்டதும் பிரிகின்றன, பிரிந்து நுழைகின்றன, நுழைந்து சந்துக்குச் சந்து தாவிக் குடியேறுகின்றன.

சூசையப்பனே கேட்கிறார்: "அய்யா, அந்த வாயு வெடிக்காதா?" காற்றோடு கலந்து தீப்பட்டால் வெடிக்கும், ஐயா. ஒரு சிறு கம்பிக்குள் இருப்பது மிகக் கொஞ்சம். பின்வரிசையில் ஒருவர், "வெடிச்சாலும் செக்போஸ்ட் பக்கமா வெடிக்கட்டும்" என்கிறார். எல்லைச் சாவடிக்காரர்கள் யாரும் இங்கே வரவில்லை என்ற தைரியம்.

கம்பியில் மின்சாரம் ஓடினால் தடை, தடையால் சூடு. கடுங்குளிரில் சில உலோகங்களுக்கு அந்தத் தடை அடியோடு மறைகிறது. வெறும் பல்லேடியத்தில் அதை எவரும் கண்டதில்லை. ஹைட்ரஜன் நிரம்பிய பல்லேடியத்தில் 1972இல் கண்டார்கள்; கண்டு நான்கே ஆண்டுகள் ஆகின்றன. நியோபியம் என்றோர் உலோகம் தானாகவே தடையின்றிக் கடத்தும். அதற்குள் இதே ஹைட்ரஜன் மிகுதியாகப் புகுந்தால் அக்குணம் கெடுகிறது. ஒரே விருந்தாளி; ஒரு வீட்டில் விளக்கேற்றுகிறான், ஒரு வீட்டில் விளக்கணைக்கிறான்.

ஞானஜோதி செய்தது என்ன? அமிலநீரில் மின்சாரம் செலுத்திக் கம்பிக்குள் ஹைட்ரஜனை நிரப்பினாள். வெளியே எடுத்தாள். எடுத்த கை என்ன செய்தது? ஏலக்காய் ஸ்டோரில் வளர்ந்த கை அல்லவா? ஈரமாக எதையும் எடுத்துவைத்து அறியாத கை, கம்பியை அனலருகே நன்றாக உலர்த்தியது. அனல் பட்டது, ஹைட்ரஜன் வெளியேறியது. குளிரில் இறக்கினால் வெறுங்கம்பி. வேறெந்த ஊர்ப் பெண்ணும் செய்திருக்க மாட்டாள்.

தாயார் செபமாலையம்மாள் எழுந்துவிட்டார். "காயப் போட்டது ஒரு குத்தமா அய்யா? ஈரத்தோட எவ எடுத்து வைப்பா? பூசணம்லா பூக்கும்." குற்றமில்லை, தாயே. காய்க்கு அது அறம். கம்பிக்கு அது ஆபத்து.

அவளைத் துரத்தினார்களா? இல்லை. "இன்னொரு கம்பி தருகிறோம், இதுவும் வெறுங்கம்பியானால் ஊருக்குப் போய்விடு" என்றார்கள். இம்முறை ஈரம் சொட்டச் சொட்ட, எடுத்த கணமே திரவ நைட்ரஜனில் போட்டாள். உறைந்த குளிரில் ஹைட்ரஜன் தாவ முடியாமல் இருந்த இடத்திலேயே இருந்தது. பின்பு அதைவிடக் குளிர்ந்த திரவ ஹீலியத்தில் இறக்கினாள். தடையை அளக்கும் கருவியின் முள் சரிந்தது, சரிந்து, சுழியில் நின்றது. தடை இல்லை. அந்த முள்ளை என் கண்ணால் பார்த்தேன், ஐயா.

இனிமேல்தான் வேலை. ஹைட்ரஜனுக்குக் கனத்த உடன்பிறப்பு ஒன்று உண்டு. கனம் கூடினால் தடை மறைய இன்னும் கடுங்குளிர் தேவை என்பது பொதுவிதி. பல்லேடியத்திலோ கனத்தது புகுந்தால் குறைந்த குளிரே போதுகிறது. ஏன் தலைகீழ்? பீங்கான் போன்ற சில பொருள்களும் கடுங்குளிரில் தடையின்றிக் கடத்துகின்றன என்கிறார்கள். அவற்றுக்குள் ஹைட்ரஜன் புகுந்தால் விளக்கேற்றுமா, விளக்கணைக்குமா? எனக்குத் தெரியாது. என் புத்தகங்களுக்கும் தெரியாது. தெரியாததைத் தேடிப் போகும் ஒருத்தி இந்த மேட்டில் இருக்கிறாள். அவளையா வீட்டில் இருத்தப் போகிறோம்? ஒரு கம்பி பொய்த்ததற்காகவா? இரண்டாம் கம்பி மெய்த்த பிறகுமா?

சூசையப்பன் எழுந்து நிற்கிறார். சொல்லுங்கள்.

"ஈரத்தோட எதையும் எடுத்து வைக்காதட்டின்னு சொல்லி வளத்தது நாந்தான் அய்யா. அவ கேட்டது என் சொல்லு. ஊரு பேசுதத நம்பிட்டேன். திங்கக்கெழம பெங்களூரு வரைக்கும் நானே கொண்டு விடுதேன். அந்த முள்ளு விழுறத நானும் பாக்கணும்."

இதற்கு மேல் நான் பேசினால் கெடுத்துவிடுவேன். பொறுமையாகக் கேட்ட பெரியோருக்கும், குறுக்கே கேட்டு என்னைத் திருத்திய தாய்மாருக்கும் நன்றி கூறி, கைகூப்பி அமர்கிறேன். வணக்கம்.