நாரைக்கு இருபத்திரண்டு

இல்லம்மா, சொல்லக் கூடாதுன்னு இல்ல. முதல்ல உக்காருங்க. ஐயோ, அந்த நாற்காலி வேண்டாம், அதுக்கு ஒரு கால் குட்டை. ஊர்ல இருக்கற கால் எல்லாத்தையும் சரி பண்ற இடம், நாற்காலி காலை மட்டும் ஒருத்தரும் கண்டுக்க மாட்டாங்க. இப்படி வாங்க. பையைக் கீழ வைக்காதீங்க, இப்பத்தான் துடைச்சுட்டுப் போனாங்க, ஈரம். மடியிலயே இருக்கட்டும்.

உங்க பையன் எது, ஜன்னலோரமா முதுகைக் காட்டிட்டு உக்காந்திருக்கானே, அவனா? பதினஞ்சு இருக்குமா? பதினாலா, நல்ல உயரம். சைக்கிள்ல இருந்து விழுந்ததா? ம். கட்டுப் பிரிச்சு ஒன்பது வாரம். அப்ப அந்தச் சுவத்துப் பலகையில ஆமைன்னு போட்டு நாலுன்னு எழுதியிருக்கறது அவன்தான். அந்தப் பேரை அவனே வெச்சுக்கிட்டானா? பாவம். எங்க வீட்டுது நாரை. ஆமாம், அதான், எல்லாத்துக்கும் மேல. நாரை, இருபத்திரண்டு.

தெரபி மேடம்தான் என்னைக் கை காட்டி விட்டாங்களா? மூணுலயே கெடந்த பொண்ணை ரெண்டரை மாசத்துல இருபத்திரண்டுக்குக் கொண்டு வந்துட்டாரு, அவர்கிட்ட போய்க் கேளுங்கன்னு. சொல்லுவாங்க. நல்ல மனுஷி. நாப்பது பிள்ளைங்களை ஒத்தை ஆளா பாக்கறாங்க. இந்த ஒத்தைக் கால்ல நின்னு குதிகாலைத் தூக்கி இறக்கற பயிற்சியை மட்டும் வீட்டுல செய்யணும், நாம எண்ணணும், அட்டையில எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொண்டாரணும். அவங்க அதை அப்படியே பலகையில ஏத்திடுவாங்க. நம்பித்தானே ஆகணும், வீடு வீடா வந்து எண்ண முடியுமா?

நாரைன்னு ஏன் வெச்சுக்கிட்டாளா? ஒத்தைக் கால்ல நிக்குமே, அதனால. அவ வாயைத் திறந்து அந்தப் பேரைச் சொன்னதும் நான் சும்மா இருந்திருக்கணும். இருந்தேனா? நாரையோட முழங்கால் பின்பக்கமா மடங்குதுன்னு நாம நினைக்கறோம்ல, அது முழங்காலே இல்லடி, கணுக்கால், நிஜ முழங்கால் மேல சிறகுக்குள்ள ஒளிஞ்சிருக்குன்னு ஆரம்பிச்சேன். நம்ம உடம்புல இருக்கற எலும்புல கால்வாசி ரெண்டு பாதத்துலயேதான் இருக்கு தெரியுமான்னு அடுத்த பக்கத்துக்குப் போறதுக்குள்ள நிறுத்திட்டா. அப்பா, என் கால் எப்ப நிக்கும்னு உங்க புஸ்தகத்துல போட்டிருக்கான்னு கேட்டா. போடலம்மா. நானும் ஒரு அலமாரி தேடிட்டேன்.

தொழிலா? அச்சகத்துல புரூப் பாக்கறேன். கதை, கட்டுரை எல்லாம் வேற ஆளுங்க. எனக்கு எண்ணுங்க மட்டும்தான். பஸ் நேர அட்டவணை, மடக்கை அட்டவணை, பரீட்சை மார்க் பட்டியல். முப்பத்தொரு வருஷமாச்சு. நான் பார்த்து அனுப்பின பக்கத்துல ஒரு எண் தப்பா வந்துச்சுன்னு இன்னி வரைக்கும் ஒருத்தரும் திருப்பி அனுப்பினதில்ல. ஏழு மணியை ஒரு மணின்னு போட்டா நடு ரோட்டுல ஒரு ஆள் ஆறு மணி நேரம் நிப்பான்ல? அந்த பயத்துலயே வேலை பார்த்தவன்.

ஷ்ஷ், தட்டற சத்தம் கேக்குதா? உள்ள எங்க பொண்ணை நிக்க வெச்சு மேடம் ஸ்கேலால மேசையைத் தட்டறாங்க. ஒரு தட்டுக்கு ஒரு தடவை குதிகாலைத் தூக்கி இறக்கணும். தடுப்பு வெறும் பிளைவுட்டுதானே, எல்லாம் கேக்கும். பயப்படாதீங்க, இது நல்ல கால். முதல்ல நல்ல காலைப் பாத்துட்டு, கொஞ்சம் உக்கார வெச்சுட்டு, அப்புறம்தான் மத்தது. நான் பயப்படலம்மா. உங்களுக்குச் சொன்னேன்.

இன்னிக்குத்தான் பரீட்சை. அட்டை எல்லாம் செல்லாது, மேடமே நின்னு எண்ணணும், சுவரை விரல் நுனியால தொட்டுக்கலாம், அவ்வளவுதான். இருபது வந்தா கடிதத்துல கையெழுத்துப் போடுவாங்க. கடிதம் இருந்தா சனிக்கிழமை வாலிபால் அணித் தேர்வுக்கு விடுவாங்க. அவ ஆடற பிரிவுக்கு வயசு வரம்பு இந்த வருஷத்தோட முடியுது. ஆமாம், பதினேழு. பதினேழு வயசுல ஒண்ணு முடிஞ்சு போச்சுன்னா நமக்குச் சிரிப்பா இருக்கும். அவளுக்கு வேற கணக்கு.

அடிபட்டதும் ஆட்டத்துலதான். வலை ஓரமா எம்பி அடிச்சா, எதிர்ப்பக்கத்துப் பொண்ணு காலு கோட்டைத் தாண்டி இந்தப் பக்கம் வந்திருக்கு, அதும் மேல வந்து இறங்கினா. நான் மூணாவது வரிசையில உக்காந்திருந்தேன். அந்தச் சத்தம் எனக்குக் கேட்டுச்சும்மா. உலர்ந்த குச்சியை ஒடிச்ச மாதிரி. பக்கத்துல இருந்தவர் கைதட்டினாரு, ஏன்னா பாயிண்டு எங்க பொண்ணுக்குத்தான். ஒரு பிளேட்டு, ஏழு ஸ்க்ரூ, பிஞ்ச தசைநாரை இழுத்துத் தைச்சிருக்கு. ஆறு வாரம் கட்டு.

கட்டுப் பிரிச்ச அன்னிக்குப் பாத்திருப்பீங்களே. உங்க பையனுக்கும் அப்படித்தான் இருந்திருக்கும். கெண்டைக்கால் இருந்த இடத்துல ஒண்ணும் இல்ல. அவ கையால தடவிப் பாத்துட்டு, இது யாருதுப்பான்னு கேட்டா. நான் சிரிச்சேன். வேற என்ன பண்றது?

இதுவா? ஒண்ணும் இல்லம்மா, வலது தோள். கொஞ்ச நாளா இழுத்துப் பிடிக்குது. தடவிக்கிட்டே இருக்கேன்ல, பழக்கமாயிடுச்சு. டாக்டர் என்ன கனம் தூக்கறீங்கன்னாரு. பென்சில்னு சொன்னேன். வயசுன்னு எழுதிக் குடுத்துட்டாரு.

என்ன செஞ்சோம்னு கேட்டீங்க. சொல்றேன், சொல்றேன். சாயங்காலம் அவ அம்மா வேலைக்குப் போயிடுவா, டெலிபோன் விசாரணையில ரெண்டாவது ஷிப்டு. அதனால பயிற்சிக்கு நான்தான். ஹால்ல, மாட்டியிருக்கற காலண்டருக்கு நேரா நிப்பா. நான் பின்னால நிப்பேன், விழுந்தா பிடிக்கணும்ல, மேடமே சொன்னதுதான். முதல் வாரம் ஒண்ணு. அடுத்த வாரம் ரெண்டு. அப்புறம் மூணு. அப்புறம் மூணு. அப்புறமும் மூணுதாம்மா. பத்தொன்பது நாள் மூணு. எண்ணுலயே பொழைப்பு நடத்தறவன் நான், மூணுங்கற எண்ணை அப்படி வெறுத்ததில்ல. நாலாவதுக்குக் குதிகால் கிளம்பும், நடுங்கும், தரையை விட்டு ஒரு தீக்குச்சி கனம் எழும்பும், பொத்துன்னு விழும்.

பத்தொன்பதாவது நாள் அவ அழல. அழுதிருந்தா தேவலை. போய் ஷூவை எடுத்து, கயித்தை ஒழுங்கா உள்ள திணிச்சு, குப்பைத் தொட்டியில வெச்சா. போடல, வெச்சா. வந்து உக்காந்து, அப்பா, நாளையில இருந்து எண்ண வேண்டாம், உங்களுக்கும் வேலை இருக்கும்லன்னு சொன்னா. பெரிய மனுஷி மாதிரி. அப்புறம் ரெண்டு நாள் ரூமை விட்டு வரல. சாப்பாட்டுத் தட்டு போன மாதிரியே திரும்பி வருது. அவ அம்மா என்னைப் பாக்கறா. நீ எவ்வளவோ படிச்சிருக்கியே, இதுக்கு ஒண்ணும் இல்லையான்னு வாயால கேக்கல.

ஷூ இந்தப் பையிலதான் இருக்கு. நான் தொட்டியில இருந்து எடுத்துட்டேன். இன்னிக்குக் கடிதம் கிடைச்சா இங்கயே மாட்டிக்கணும்னு அவதான் கொண்டு வரச் சொன்னா.

தட்டற சத்தம் நின்னுடுச்சா? நல்ல கால் முடிஞ்சுது. முப்பது வந்திருக்கும். இப்ப உக்கார வெச்சு டேப்பால சதையை அளப்பாங்க. போன வாரமே அளந்துட்டு மேடம் முகத்தைச் சுளிச்சாங்க. சதை அரை சென்டிமீட்டர்தான் ஏறியிருக்கு, எண் இத்தனை ஏறியிருக்கே, அதிசயமா இருக்கு சார்னாங்க. அதிசயம்தான் மேடம்னேன். நாப்பது பிள்ளைங்க இருக்கறதால அடுத்த ஆள்கிட்ட போயிட்டாங்க.

எண்ணெயா? இல்லம்மா, எந்த எண்ணெயும் தேய்க்கல. மாத்திரையும் இல்ல. உங்க பையன் செய்யறதையேதான் இவளும் செஞ்சா.

மூணாவது நாள் நான்தான் கெஞ்சி எழுப்பிக் கொண்டாந்து நிக்க வெச்சேன். எனக்காக ஒரு தடவைன்னு. வந்து நின்னா, தூக்குக்கு நிக்கற மாதிரி. நான் பின்னால நின்னு, விழுந்துடுவாளோன்னு வலது முழங்கைக்கு அடியில ரெண்டு விரலை வெச்சுக்கிட்டேன். வெறுமனேதான். ஒண்ணு, ரெண்டு, மூணு. நாலாவதுக்குக் கால் நடுங்குது. நடுங்கறது அவ முழங்கை வழியா என் விரல்ல தெரியுது.

இருங்க. ஆரம்பிச்சுட்டாங்க. இதுதான், இந்தக் கால்தான். அம்மா, ஒரு உதவி பண்ணுங்க, நீங்க எண்ணுங்க. எனக்கு இப்ப எண்ண வரல. வாய்விட்டு வேண்டாம், மனசுக்குள்ள எண்ணுங்க.

அந்த ரெண்டு விரலு மேல போயிடுச்சும்மா. நான் தூக்கல. தூக்கணும்னு நினைக்கக் கூட இல்ல. தானா போச்சு. நாலு வந்துடுச்சு. அவ திரும்பிப் பாத்து சிரிச்சா. மூணு மாசத்துல முதல் தடவை. அப்பா, நாலுப்பான்னா. நான் என்ன சொல்லணும்? நீங்களே சொல்லுங்க. சரி, அதை விடுங்க. நான் அட்டையில நாலுன்னு எழுதினேன். மறுநாள் அஞ்சு. அதுக்கப்புறம் நிறுத்த முடியல. ஒரு தடவை பயந்து போய் விரலை எடுத்துப் பாத்தேன், ஏழுல விழுந்துட்டா. பன்னெண்டு செஞ்சவ ஏழுக்குப் போயிட்டேனே, உள்ள ஸ்க்ரூ ஏதோ கழண்டிருச்சுப்பான்னு அப்படி ஒரு அழுகை. மறுநாள் விரலை வெச்சுட்டேன். பதிமூணு வந்துச்சு. ரெண்டு விரல் அப்புறம் மூணாச்சு, கடைசியில உள்ளங்கையே. அவளுக்கு அது தெரியவே இல்ல. இத்தனை நாளா அங்கயே இருக்கற கை, அது தூக்குதுன்னு எப்படித் தெரியும்? டாக்டர் என்ன கனம் தூக்கறீங்கன்னு கேட்டாரே, அதான்.

நீங்க என்ன வித்தைன்னு கேட்டீங்க இல்ல, அவ்வளவுதாம்மா வித்தை. அந்த இருபத்திரண்டுல பாதிக்கு மேல என்னோடது. முப்பத்தொரு வருஷத்துல நான் விட்ட ஒரே தப்பு எண் அந்தப் பலகையில தொங்குது.

நின்னுடுச்சு. எத்தனை? ஒன்பதா? சரியா எண்ணினீங்களா? ஒன்பது.

ஒன்பது அவளோடதும்மா. முழுசா. மூணுல இருந்தவ ஒன்பது. சந்தோஷப்பட வேண்டிய எண். அதைச் சந்தோஷப்பட விடாம பண்ணிட்டேன் பாருங்க.

இன்னொண்ணும் சொல்லிடறேன். நேத்து ராத்திரி எல்லாம் நான் என்ன வேண்டிக்கிட்டேன் தெரியுமா? அவளுக்கு இருபது வரணும்னு இல்ல. மேடம் அவசரத்துல இருந்து, அட்டையைப் பாத்தே கையெழுத்துப் போட்டுடணும்னு. போட்டிருந்தா சனிக்கிழமை அந்த அரைக் காலோட எம்பிக் குதிச்சிருப்பா. மேல போறவளைத் தாங்கறதுக்கு அங்க யாரு கை இருக்கு? அது தெரிஞ்சும் வேண்டிக்கிட்டேன். பெத்தவன்தான் நானு.

கதவு திறக்குது. மேடம். ம், சொல்லுங்க. ம். ஒரு நிமிஷம் மேடம், வந்துட்டேன்.

கேட்டீங்களாம்மா? இடம் புதுசா இருக்கு, அதான் வரல, எங்க அப்பா வந்து பின்னால நின்னாப் போதும், இருபதும் வந்துடும்னு சொல்றாளாம். மேடமுக்கும் சிரிப்பு. செல்லப் பொண்ணு சார், வந்து சும்மா நில்லுங்க, இன்னொரு தடவை பாத்துடலாம்னு கூப்பிடறாங்க. உள்ள இருந்து அவளும் கூப்பிடறா.

போறேன். போகாம? நீங்க அந்த ஜன்னல்கிட்ட போங்க. உங்க பையன்கிட்ட சொல்லுங்க, அவன் நாலு, நாலுதான்னு. அந்தப் பலகையில ஆமைதான் நிஜமா நடந்திருக்குன்னு நான் சொன்னேன்னு சொல்லுங்க.

அப்புறம், தப்பா நினைக்கலன்னா உங்க பையைக் கொஞ்சம் குடுங்கம்மா. பத்திரமா திருப்பித் தந்துடறேன். கனமா இருந்தா ரொம்ப நல்லது. இந்தக் கையில ஷூ இருக்கு. வலது கைதான் சும்மா இருக்கு, அதை அப்படியே உள்ள கொண்டு போக எனக்குத் தைரியம் இல்ல.