அறக்குளாவுக்குப் பின்னால் ஒரு மெனு

பால் விடாத பிளேன்ரீதான் நான் குடிப்பது; அதற்குச் சீனி கொஞ்சம் தூக்கலாக வேண்டும். கொக்குவிலில் நாங்கள் வேலை செய்யும் கந்தோரில் அதைத் தெரிந்து வைத்திருப்பவள் டிலக்ஷி மட்டும்தான். குருநகர்ப் பிள்ளை. வெப்சைட் செய்யும் வேலையை அவளுக்குப் பழக்கியவன் நான். ஆகவே சொல்லப்போவதைப் பதறாமல் கேளுங்கள்.

கந்தோரில் ஐபோன் வைத்திருப்பவனும் நான் ஒருவன்தான். கனடாவிலிருந்து அக்கா அனுப்பியது. எங்கள் கணினிகளில் வடிவாக விழும் வெப்சைட் மெனு, ஐபோனின் பிரவுசரில் வேறு கோலத்தில் நிற்கும். வெளிநாட்டுக்காரர் கையில் பெரும்பாலும் ஐபோன்தானே. அதனால் எந்த வேலையும் என் போனில் தேறித்தான் வெளியே போகும்.

மெல்பேர்னில் கிறிஸ்ரி என்றொரு மீன் வியாபாரி. தன் கடை வெப்சைட்டை ஒழுங்காகச் செய்து கொடுத்தால் டிலக்ஷியை அங்கேயே வேலைக்கு எடுப்பதாகச் சொல்லியிருந்தார். பிள்ளை பாஸ்போட்டும் எடுத்துவிட்டாள். தாய் அந்தோனியாருக்கு நேர்த்தியும் வைத்துவிட்டார்.

“அண்ணை, உங்கடை போனிலை ஒருக்காப் பாருங்கோ. மெனு சரியா விழுதோ?”

பார்த்தேன். மீன் வகைகளைக் காட்டவேண்டிய மெனு, முகப்பில் இருந்த பெரிய அறக்குளா மீன் படத்துக்குப் பின்னால் போய் ஒளிந்திருந்தது. பக்கத்தின் அமைப்பைச் சொல்லும் சிஎஸ்எஸ்ஸில் ஒரு வரி சேர்த்தால் முன்னுக்கு வந்துவிடும்.

“ஓம் பிள்ளை, வடிவா விழுது. அனுப்பு,” என்றேன்.

கிறிஸ்ரியும் ஐபோன்காரர். தொட்டுத் தொட்டுப் பார்த்தும் மெனு வெளியே வரவில்லையாம். வேலையை வேறு ஆளுக்குக் கொடுத்துவிட்டார். டிலக்ஷி தன் கணினியில் திறந்து திறந்து பார்த்தாள். அங்கே ஒரு குறையும் இல்லை.

“கிறிஸ்ரியின்ரை போன் வேற மாதிரி. உனக்கும் இன்னும் பழக்கம் காணாது,” என்றேன். நம்பினாள், பாவம். தனக்கு இந்த வேலை சரிவராது என்று அழுதாள். ரோல்ஸ் வாங்கிக் கொடுத்து ஆறுதல் சொன்னவனும் நான்தான்.

நேற்றுக் கொழும்புக் கந்தோர் ஒன்றில் வேலை கேட்டு அனுப்ப ஒரு வெப்சைட் செய்து கொண்டு வந்தாள். என் போனில் பார்த்தேன். மெனு நான் செய்வதைவிட அழகாக விழுந்தது.

“உதிலை இன்னும் பிழை இருக்கு. இப்ப அனுப்பாதை.”

தலையாட்டிவிட்டு எனக்குப் பிளேன்ரீ ஊற்றப் போனாள். சீனி கொஞ்சம் தூக்கலாக, நன்றாகவே இருந்தது.

என்னைக் குறை சொல்ல முன்னம் ஒன்றை யோசியுங்கள். கொழும்பில் அவளுடைய பிழைகளைப் பார்த்துச் சொல்ல யார் இருக்கிறார்கள்?