ஃபினிஷ் அமுக்கணுமா?

அவள்: ...இன்னும் இறங்கிக்கிட்டேதான் இருக்கு. நீங்க போனை வெச்சுடாதீங்க.

அவன்: வைக்கல. இன்ஸ்டால் ஆகற வரைக்கும் இருக்கேன். இங்க புது ஆபீஸ்ல இப்போ சாப்பாட்டு நேரம்தான்.

அவள்: சாப்பிட்டீங்களா?

அவன்: அப்புறம் சாப்பிடறேன். உங்க குரல் ஏன் கம்முது?

அவள்: ஏசி. நீங்க வேலையை விட்டுப் போனப்புறம் அதைக் குறைக்கச் சொல்லிச் சண்டை போட இங்க ஆளில்ல.

அவன்: சால்வையைப் போர்த்திக்கிட்டு வரைங்க ஓவியரே... திடீர்னு இன்னிக்கு ஏன் இந்த சாஃப்ட்வேர்?

அவள்: மேனேஜர் சொல்லிட்டாரு. படத்தோட ஒவ்வொரு மாத்தத்தையும் இனிமே நானேதான் சர்வர்ல பத்திரப்படுத்தணுமாம். இதோ, இறங்கிடுச்சு. திறக்கட்டுமா?

அவன்: திறங்க. இப்போ சும்மா 'நெக்ஸ்ட்' மட்டும்...

அவள்: அமுக்கிட்டேன். அடுத்ததும் அமுக்கிட்டேன்.

அவன்: அடேங்கப்பா. நிதானம். எந்த ஃபோல்டர்னு கேட்குமே...

அவள்: ம்... கேட்குது. அதுவா காட்டறதே இருக்கட்டுமா?

அவன்: இருக்கட்டும். அடுத்து சில கட்டத்துல டிக் போடவான்னு கேட்கும். எதையும் தொடாதீங்க. அப்புறம் முதலைக் கதைதான்.

அவள்: அதை இன்னும் விடலையா நீங்க? அந்தப் படத்துல முதலை நீலமா இருந்தா குழந்தைங்களுக்குப் பிடிக்கும்னு நினைச்சேன். அது ஒரு தப்பா?

அவன்: நீலம் தப்பில்ல. பச்சை முதலைங்க மேலயே சேவ் பண்ணிட்டு, என் சீட்டுக்கு ஓடி வந்து, "முதலைங்க எல்லாம் போச்சு"ன்னு அழற மாதிரி நின்னீங்களே, அதுதான்.

அவள்: நீங்க வந்து அந்தக் கறுப்புத் திரையில என்னமோ கமாண்ட் அடிச்சீங்க. எல்லா முதலையும் பச்சையா வந்து நின்னுது. நான் அப்படியே...

அவன்: அப்படியே?

அவள்: ஒண்ணுமில்ல. பாதி ஏறிடுச்சு.

பக்கத்து சீட் அக்கா: யாருடி போன்ல? அவரா?

அவள்: ஆமாக்கா. சாஃப்ட்வேர் ஒண்ணு போடறோம்.

அக்கா: அதுக்கு ஏன் ஊர் விட்டு ஊர் போன்? அவர் இடத்துக்கு வந்திருக்கிறவரு கொட்டாவி விட்டுக்கிட்டு உட்கார்ந்திருக்காரு. அவர்கிட்ட சொன்னா...

அவள்: அக்கா, லைன்ல இருக்காங்க.

அக்கா: சரி சரி, நான் வாயே திறக்கல. சாஃப்ட்வேர் போடறதுக்கு இவ்வளவு சிரிப்பு எதுக்குன்னுதான் பார்த்தேன்.

அவன்: அக்கா என்ன சொல்றாங்க?

அவள்: உங்களை விசாரிச்சாங்க.

அவன்: என் இடத்துக்கு வந்தவரு எப்படி?

அவள்: நல்லவரு. கேட்டா செஞ்சு கொடுப்பாரு. நான்தான் கேட்கறதில்ல.

அவன்: இனிமே யாரையும் கேட்க வேண்டியதில்ல. இதுல எல்லாமே பட்டன். வரைஞ்ச படத்தை டிக் பண்ணி, என்ன மாத்தினீங்கன்னு ஒரு வரி எழுதி அமுக்கினா சர்வருக்குப் போயிடும். சொதப்பிட்டா, பழசைத் தேடி ஒரு ரைட் கிளிக். கறுப்புத் திரையும் வேண்டாம், நானும் வேண்டாம்... லைன்ல இருக்கீங்களா?

அவள்: இருக்கேன். ஃபினிஷ்னு வந்திருக்கு.

அவன்: அமுக்குங்க.

அவள்: அமுக்கணுமா?

அவன்: அமுக்கினாத்தானே முடியும்?

அவள்: அதான் கேட்கறேன். இது முடிஞ்சுட்டா உங்களைக் கூப்பிட எனக்கு ஒரு சாக்கும் இருக்காது.

அவன்: சும்மா கூப்பிடலாமே.

அவள்: சும்மா கூப்பிட்டு என்னத்தைப் பேசறது? ஏசியைப் பத்தியா?

அவன்: அதையே பேசுங்க. இந்த ஊர்ல எல்லாரும் என்கிட்ட மரியாதையாப் பேசறாங்க. கிண்டல் பண்ண ஒருத்தர் இல்ல. சாயங்காலம் ஆனா ரூமுக்குப் போகவே பிடிக்கல.

அவள்: வேற வேலை கிடைச்சிருக்குன்னு நீங்க சொன்னப்போ கைகுலுக்கி வாழ்த்துச் சொன்னேன் பாருங்க... அன்னிக்கு வீட்டுக்குப் போய் செருப்பைக்கூடக் கழட்டாம உட்கார்ந்திருந்தேன்.

அவன்: போகாதீங்கன்னு ஒரு வார்த்தை சொல்லுவீங்கன்னு கடைசி நாள் வரைக்கும் பார்த்தேன்.

அவள்: அப்படிச் சொல்ல நான் யாரு உங்களுக்கு?

அவன்: யாருன்னா... சரி, ஒண்ணு சொல்றேன். கோவப்படக் கூடாது.

அவள்: முதல்ல சொல்லுங்க.

அவன்: இந்தப் பட்டன் வெச்ச சாஃப்ட்வேர் இன்னிக்கு நேத்து வந்ததில்ல. நீங்க வேலைக்குச் சேர்ந்தப்பவே இருந்துச்சு. உங்க கம்ப்யூட்டர்ல போட்டுக் கொடுக்க வேண்டியது என் வேலை. வேணும்னேதான் போடல. கறுப்புத் திரையை விட்டா வேற வழியே இல்லன்னு பொய் சொன்னேன். போட்டுக் கொடுத்துட்டா அப்புறம் நீங்க என்னைக் கூப்பிடவே மாட்டீங்களே.

அவள்: தெரியும்.

அவன்: தெரியுமா? எப்படி?

அவள்: சேர்ந்த மாசமே நானே போட்டுக்கிட்டேன். நீங்க என் சீட்டுப் பக்கம் வர்ற சத்தம் கேட்டா டக்குனு மூடிடுவேன். இன்னிக்குக் காலையில அதை அழிச்சுட்டுத்தான் உங்களுக்குப் போன் பண்ணினேன்.