நைனா துன்ற வீடியோ

சோறு போடலன்னா மனுவுல எய்திகீது? எங்க, அந்த எடத்த மட்டும் இன்னொரு தபா படிங்க மேடம். ஒரே மகனான பார்த்திபன் என்பவன் நெலத்த எய்தி வாங்கிகினு, வயசான காலத்துல எனக்கு சோறு தண்ணி குடுக்காம... போதும் போதும். கீய அருணகிரின்னு கையெய்த்து கீதா? அது எங்க நைனா கையெய்த்துதான், இல்லன்னு சொல்லல. ஆனா அந்தப் பேச்சு அவருது இல்ல. அச்சரப்பாக்கத்துல கீறாளே என் தங்கச்சி பூங்கொடி, அவ ஒரு வக்கீல வச்சி எய்துனது. நைனாவ இட்டுனு போயி ஆர்டிஓ ஆபீஸ்ல குடுக்க வச்சதும் அவதான். நீங்க சமூக நலத்துலருந்து விசாரிக்க வந்தவங்க, ரெண்டு பக்கமும் கேக்கணும். கேப்பீங்க, மூஞ்சப் பாத்தாலே தெரியுது.

பாக்கணுமா? பாக்கலாம் மேடம், எங்க பூடப் போறாரு. உள் ரூம்புலதான் படுத்துகினு கீறாரு. இப்பதான் கண்ணசந்தாரு. ரவ நேரம் போவட்டும். அதுக்குள்ள இத்தப் பாருங்க. போன் கண்ணாடி ஒடஞ்சிகீது, கண்டுக்காதீங்க. இது இன்னிக்கி காலைல. கேசரி. இந்தப் பக்கம் தள்ளுங்க, இது நேத்து. கையில பேப்பர் புடிச்சிகினு கீறாரு பாத்தீங்களா? அன்னன்னிக்கி பேப்பரு. தேதி தெரியணும்ல. நாளைக்கு கோர்ட்டுல, ஒரே நாள்ல சட்டைய மாத்தி மாத்தி எடுத்துட்டான்னு எவனாவது கிளப்புவான். சித்திரையிலருந்து ஒரு நாள் வுடல மேடம். எனக்கு ஜொரம் வந்த அன்னிக்கிகூட அன்பரசிய எடுக்கச் சொன்னேன். என் பொஞ்சாதி. அதோ, கதவாண்ட நிக்கிறாளே.

சிரிக்கிறாரா இல்லியா, அத்தச் சொல்லுங்க. சோறு போடாத வூட்ல எந்தக் கெயவன் இப்டி சிரிப்பான்?

இடுப்பு வரிக்கும்தான் தெரியுதா? மூஞ்சிதான மேடம் முக்கியம். துன்றது வாயிலதான.

இதெல்லாம் எனக்கு யாரு சொல்லிக் குட்த்தான்னு கேக்கறீங்களா? யாரும் இல்ல. நான் பத்தாவது பெயிலு. ஆனா யூடியூப்ல ஒரு வக்கீல் கீறாரு, டெய்லி போடுவாரு. சுப்ரீம் கோர்ட் அதிரடி, சுப்ரீம் கோர்ட் அதிரடின்னு செவப்புல எய்தி வரும் பாருங்க, அதான். சாப்புடும்போதுகூட அத்தப் பாத்துகினுதான் சாப்புடுவேன். எங்க தெருவுல எவனுக்கு இன்னா சந்தேகம்னாலும் என்கிட்டதான் வருவான். இந்த காம்பவுண்டு ரவ ஏரி பொறம்போக்குல வருதுன்னு தாசில்தார் ஆபீஸ்லருந்து வந்தானுங்க. நோட்டீஸு குடுக்காம ஜேசிபி வச்சி இடிக்கக்கூடாதுன்னு சுப்ரீம் கோர்ட்டு சொல்லிகீது, உனக்குத் தெரியுமா தெரியாதான்னேன். பூட்டானுங்க. இன்னிக்கி வரிக்கும் காம்பவுண்டு நிக்குது.

நாய்க் கேசு வந்திச்சில்ல? தெருநாய எல்லாம் புடின்னாங்க. அன்னிக்கே எங்க தெருவுல கீற நாயெல்லாம் ஒரு டாடா ஏசில ஏத்தி, கோவளம் பக்கம் கொண்டும்போய் வுட்டுட்டேன். அப்பால பாத்தா, ஊசி போட்டு புடிச்ச எடத்துலயே வுடுன்னு மாத்திட்டாங்க. நான் இன்னா பண்றது? திரும்பப் போயி தேடவா முடியும்? அதுல ஒண்ணு நைனாவோடது. மணின்னு கூப்டுகினு கட்டிலாண்டயே வச்சிகினு இருப்பாரு. ரெண்டு நாளு மூஞ்சத் திருப்பிகினு படுத்தாரு. மூணாம் நாளு ஒரு பாதுஷா வாங்கியாந்தேன். எல்லாம் சரியாப் பூட்ச்சி.

நெலத்துக்கு வரேன் மேடம். வராம எங்க போவப் போறேன்.

பொண்ணுக்கும் சமபங்குன்னு சுப்ரீம் கோர்ட்டு சொல்ட்ச்சில்ல, அந்த வீடியோவ பூங்கொடி எனக்கே அனுப்பி வச்சா. கூட ஒரு கும்புடு வேற. நான் முழுசாப் பாத்தேன். அது பாட்டன் பூட்டன் சொத்துக்கு. நம்ம ஏரிக்கரை நெலம் நைனா தானா சம்பாரிச்சி வாங்குனது. அவரு யாருக்கு வேணாலும் குடுக்கலாம். சரி, இவ அழுது கிழுது மனச மாத்தறதுக்குள்ளன்னு, அந்த வாரமே திருப்போரூர் இட்டுனு போயி செட்டில்மென்ட் எய்திட்டோம்.

கட்டாயப்படுத்தனேனா? அய்ய. பத்திரம் எய்தறவரு கம்ப்யூட்டர் முன்னாடி ஒக்காந்துகினு கேட்டாரு. பெரியவரே, கடைசி காலம் வரிக்கும் புள்ள ஒங்கள வச்சிக் காப்பாத்தணும்னு ஒரு வரி சேத்துடட்டுமா, எல்லாரும் போடறதுதான்னாரு. நான் வாயே தொறக்கல. நைனாதான் எந்திரிச்சிட்டாரு. இன்னாய்யா பேசற, என் புள்ள எனக்கு சோறு போடுவான்னு நான் கவர்மென்ட்டு பத்திரத்துல எய்தி வாங்கணுமா, ஊர்ல எவனாவது படிச்சா காறித் துப்ப மாட்டான்னு கத்துனாரு. அங்க கீறவங்க எல்லாம் திரும்பிப் பாக்கறாங்க. எனக்கே ஒரு மாதிரி ஆய்ட்ச்சி. அந்த வரிய எடுக்கச் சொன்னது அவருதான் மேடம், நான் இல்ல.

அதுக்கப்புறமா? அதுக்கப்புறம் இன்னா, வூடுன்னா ரெண்டு பேச்சு வரும். அன்பரசி ஒரு நாளு சோத்த லேட்டா வச்சா. மோட்டார் ஷெட்டுல காத்தோட்டமா இருக்கும்னு கட்டில அங்க போட்டோம். போட்டோம், இல்லன்னு சொல்லல. அதுக்குக் கோச்சிகினு பூங்கொடி வூட்டுக்குப் பூட்டாரு. அங்க போனதும் இந்த மனு.

நான் முதல்ல சட்ட பண்ணல. பத்திரத்துல கண்டிஷன் எய்தலன்னா கேன்சல் பண்ண முடியாதுன்னு ஒரு தீர்ப்பு கீது, எனக்கு அத்துப்படி. அப்பால ஒரு நாளு நம்ம வக்கீலு புது வீடியோ போட்டாரு. இது பெரியவங்களுக்காகப் போட்ட சட்டம், அவங்க பக்கம் இருந்துதான் பாக்கணும், பாத்துக்கலன்னா குட்த்தத திருப்பி வாங்கலாம்னு சுப்ரீம் கோர்ட்டு சொல்ட்ச்சின்னாரு. எனக்கு அன்னிக்கி சோறு எறங்கல மேடம். ப்ளாட்டு போடறவங்களுக்கு நெலத்தப் பேசி வுட்டேன், அவங்க கல்லு ஏத்திகினு வந்து ஏரிக்கரையில எறக்கி வச்சிகீறாங்க. ஆர்டிஓ ஆபீஸ்ல மனு கீதுன்னு தெரிஞ்சதும் அப்டியே நிறுத்திட்டானுங்க. நெலம் பூட்ச்சின்னா எனக்கு இன்னா கீது? ஒண்ணும் இல்ல. நானும் அந்த மோட்டார் ஷெட்டுல போயி படுத்துக்கணும்.

அங்கருந்து எப்டி திரும்ப இட்டாந்தேனா? சும்மா போனேன் மேடம், வந்துட்டாரு. பூங்கொடி வூட்ல அவருக்கு ஜெயிலு. காலைல கேவுரு கூய், மத்தியானம் பாவக்கா, ராத்திரி ரெண்டு கோதும தோச. காப்பியில சக்கர கெடையாது. சக்கர டப்பாவ பீரோவுல வச்சி பூட்டுனாளாம். எதித்த டீக்கடையில போயி பெரியவருக்கு எதுவும் குடுக்காதன்னு சொல்லி வச்சாளாம். எங்க நைனா திருப்போரூர் கிருத்திகைக்குப் போனாலே முருகனவுட பஞ்சாமிர்தத்தத்தான் மொதல்ல பாப்பாரு. அவர அப்டிப் போட்டு வதைக்கலாமா? நான் ஒரு டப்பா ஜாங்கிரி வாங்கிகினு போனேன். வாசல்ல நின்னு மூடியத் தொறந்தேன். அவ்ளோதான். வேட்டியக்கூட ஒயுங்காக் கட்டல, ஆட்டோல ஏறி ஒக்காந்துட்டாரு. இவ பின்னாடியே ஓடியாந்தா. அண்ணா வேணாண்ணா, நெலத்த நீயே வச்சிக்கண்ணா, அவர வுட்டுட்டுப் போண்ணான்னு ரோட்லயே உருண்டு அழுதா. நைனாதான் திட்டுனாரு, போடி, நீ குட்த்த களி போதும்னு. அதுக்கும் வீடியோ கீது.

மனுவ வாபஸ் வாங்குன்னு கேட்டேன். அதுக்கு மட்டும் மாட்டேன்றாரு. பாத்துக்கறியா பாப்போம்டான்றாரு. கெயவன் வெவரம். சரின்னுட்டேன். பாத்துக்கறேன், பாருன்னேன்.

இல்ல மேடம், நீங்க பாட்டுக்கு உள்ள போவ முடியாது. கோச்சிக்காதீங்க. ப்ரைவசி அடிப்படை உரிமைன்னு சுப்ரீம் கோர்ட்டு சொல்லிகீது. படுத்துகினு கீறவரு வேட்டி எப்டி கீதோ என்னமோ. அன்பரசி போயி சரி பண்ணட்டும், அப்பால போலாம். ஏ அன்பரசி, போ, போர்வையப் போத்து. வாடையா கீது, ஊதுவத்தி ஒண்ணு கொளுத்தி வை.

வாடன்னா, இன்னா மேடம், மய காலம், படுத்த படுக்க.

எங்க ஊர்ல ஒருத்தன் கேட்டான், மூக்குல டியூப் வச்சி மாசக்கணக்குல கெடக்கறவங்கள வுட்டுடலாம்னு கோர்ட்டே சொல்ட்ச்சாமே, உண்மையான்னு. உண்மதான்டா, ஆனா அதுக்கு டாக்டருங்க ஒரு போர்டு, அதுக்கு மேல இன்னொரு போர்டு, ஒரே பேஜாருன்னேன். நமக்கு அதெல்லாம் இன்னாத்துக்கு. நம்ம நைனா நல்லா வாயால துன்றாரு.

துன்றதுன்னதும் ஞாபகம் வருது, நீங்க வந்து ஒரு வாய் தண்ணிகூட குடிக்கல. அன்பரசி, அந்த மைசூர்பாக எடு. எடுத்துக்கங்க மேடம், நெய்யில போட்டது. லஞ்சம் இல்ல மேடம், ஸ்வீட்டுதான். வேணாமா?

சக்கரயா? ஒங்களுக்கா?

அய்யய்யோ, தொடாதீங்க. தட்ட எடு அன்பரசி, எடுன்றேன்ல. எத்தினி வருசமா மேடம்? மாத்திர போடறீங்களா? வுடாதீங்க. அது பொல்லாத நோவு, வெளிய தெரியாம அரிச்சிடும். மொதல்ல கால் வெரல்ல மரமரப்பு வரும். செருப்பு கயண்டு போனாகூடத் தெரியாது. சின்னதா ஒரு காயம், ஆறாது. அப்பால வெரலு கருக்கும். கருத்துட்ச்சின்னா வெட்டறதுதான். செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில டாக்டரம்மா என்ன பக்கத்துல ஒக்கார வச்சி சொன்னாங்க, ஒரு வார்த்த மறக்கல நானு. நைனாக்கு அப்டித்தான் ஆச்சி. ஆடி மாசம் இடது கால முட்டிக்கு மேல எடுத்துட்டாங்க. இப்ப வலது காலும் கருத்துகினு வருது. அதான் அந்த வாட.

தெரியும் மேடம். தெரியாம எப்டி? பூங்கொடி சக்கர டப்பாவ பூட்டி வச்சான்னு நான்தான சொன்னேன். ஏன் பூட்டுவா?

மருந்தா? அது கசக்குது, ஊசி வலிக்குதுன்னாரு. சரி, வேணாம்னா வுட்டுடுன்னேன். பெரியவங்கள எதுக்கும் கட்டாயப்படுத்தக்கூடாதுல்ல. நான் ஊட்டி வுட்டனா? வாயத் தொறந்து அவருதான் கேக்கறாரு, இன்னொண்ணு குடுடா பார்த்தின்னு. வீடியோல ஒங்க காதாலயே கேட்டீங்க. அப்பன் ஆசப்பட்டுக் கேட்டத புள்ள வாங்கிக் குட்த்தா தப்புன்னு எந்தக் கோர்ட்டு மேடம் சொல்லிகீது? நான் எல்லாத்தையும் பாத்துட்டேன். ஒரு தீர்ப்பு இல்ல.

எந்திரிச்சிட்டீங்களே. போங்க, இப்ப உள்ள போயி நல்லாப் பாருங்க. பாத்துக்கறானா புள்ளன்னு அவர்கிட்டயே கேளுங்க. பாத்துக்கறான்னுதான் சொல்லுவாரு. அத்த அப்டியே எய்திக்கங்க. அப்பறம் ஒரே ஒரு ஒதவி மேடம். அடுத்த விசாரணைய தை மாசத்துக்கு மேல போடச் சொல்லுங்க. மனு குட்த்தவரு இருந்தாத்தான் கேசு நிக்கும்னு நம்ம யூடியூப் வக்கீலு சொல்றாரு. மார்கழி தாண்டறது கஷ்டம்னு டாக்டரம்மா சொல்லிகீறாங்க.