பாரிஸுக்குப் போன பை

வத்தலக்குண்டில் கொடைக்கானல் பஸ் ஏறினேன். முன் இருக்கையில் கோட்டுப் போட்ட இளைஞர் ஒருவரும் அவருடைய அக்காவும் இருந்தார்கள். ஜெர்மனியில் தொழில் பழகித் திரும்பியவர் என்பதும், பெண் பார்க்கப் போகிறார்கள் என்பதும் பேச்சில் தெரிந்தது. மலைப்பாதை தொடங்கியதும் இளைஞர் சொன்னார்:

"அக்கா, பாரிஸுக்குப் போனது என் பைதான். நான் போகல."

"என்னலே சொல்ற? பாரிஸ் பாத்த மாப்பிள்ளைன்னுல்ல தரகர் சொல்லி வச்சிருக்காரு!"

"ஒரு சனிக்கெழமை பாரிஸ் பாக்கக் கெளம்பினேன். ரயில் வந்து நின்னுச்சு. எடம் பிடிக்க ஜன்னல் வழியாப் பையைப் போட்டுட்டு வாசலுக்கு ஓடினேன். கதவச் சாத்திட்டான். வண்டி போயிருச்சு."

"அம்புட்டுக் கூட்டமா?"

"பெட்டியே காலிக்கா."

அக்கா தலையில் அடித்துக்கொண்டார்.

"பாஸ்போர்ட்டு?"

"பையிலதான், ரூம் சாவியும் அதுல. திங்கக்கெழமைதான் திரும்பி வந்துச்சு. அதுவரைக்கும் ஸ்டேஷன்லயே கெடந்தேன்."

"பொண்ணோட அப்பா பாரிஸப் பத்திக் கேட்டா?"

"கோபுரம் நல்ல ஒசரம்னு சொல்லிரவா?"

"வேணாம். பொய் சொன்னா ஒனக்குக் காது செவந்துரும், சம்பந்தமே கெட்டுப் போகும். உள்ளதச் சொல்லு. அவரும் வத்தலக்குண்டுல ஜன்னல் வழியாத் துண்டப் போட்டு பஸ் ஏறுறவருதான். ஒன்னயக் குத்தம் சொல்லமாட்டாரு."

பாதி வழியில் காப்பிக்கு பஸ் நின்றது. இளைஞர் எழுந்தார்.

"பையக் கையோட எடுத்துக்க," என்றார் அக்கா. "சீட்டுல கர்ச்சீப்பப் போட்டுட்டு வா."